கங்காணிக்கென்று வாங்கிய ஸ்டேண்டு

கல்லுமலைத் தோட்டத்துப் பெரியகங்காணி பழனியாண்டியைப் பதினோரு வருடம் மனதிலேயே வைத்திருந்து, ஒருநாள் காலை பத்து மணி வெயிலில், நானூறு பேர் சுற்றி நிற்க, துரையும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, அழகுமுத்து இல்லாமல் ஆக்கினான். அங்கிருந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. பழனியாண்டிக்கே பதினெட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அழகுமுத்து அடிதடிக்காரன் இல்லை. ஒல்லியான ஆள். ஹட்டன் கடைவீதியில் நூர் ஸ்டூடியோவில் படம் பிடிக்கிற வேலை. யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் அவர்களுடைய தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு பேசுவான். ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கவனிப்பது அவனுடைய தொழிலில் வந்த பழக்கம். அந்தப் பழக்கம்தான் பழனியாண்டியைக் கவிழ்த்தது.

முதலில் நாற்பத்தொன்பதாம் வருடத்தைச் சொல்ல வேண்டும். அப்போது அழகுமுத்துவுக்குப் பதினேழு வயது, அக்கா ராக்காயிக்கு இருபத்திரண்டு. தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அக்காவும் தம்பியும் கல்லுமலையில் லயம் என்கிற வரிசைவீட்டில் ஒரு காம்பிராவில் இருந்தார்கள். ராக்காயி கொழுந்து பறித்தாள், அழகுமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினான்.

அந்த ஆனி மாதம் விடாத மழை. தோட்டத்திலேயே மிகச் செங்குத்தான ஒரு மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்தே தீர வேண்டும் என்று பழனியாண்டி ஒரு கூட்டம் பெண்களை அங்கே ஏற்றினார். காளியாயி என்ற பெண் ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். இன்றைக்கு மட்டும் கீழே உள்ள மலைக்கு அனுப்புங்கள் என்று கும்பிட்டுக் கேட்டாள். அவர் விடவில்லை. பத்து மணிக்குக் கால் வழுக்கி, முதுகில் கூடையோடு உருண்டு, கீழே தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்து காளியாயி செத்துப்போனாள்.

மறுநாள் விடியற்காலை பெரட்டில், அதாவது பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடத்தில், துரை வந்து நின்றார். யாரும் வாய் திறக்கவில்லை. ராக்காயி கம்பளியைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு முன்னால் போனாள்.

"தொரைங்களே, காளியாயி தானா விழுகலைங்க. போக மாட்டேன்னு கும்புட்டா. கங்காணிதான் வெரட்டி ஏத்துனாரு. நாங்க அத்தன பேரும் பாத்தோம்."

துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். அவர் கங்காணியைப் பார்த்தார். பழனியாண்டி சிரித்தார். "புள்ள பயந்து போயிருக்குங்க தொரை. என்னமோ ஒளறுது."

"அத்தன பேரும்" என்று ராக்காயி யாரைச் சொன்னாளோ அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் ராக்காயியின் பெயரும் கூப்பிடப்படவில்லை, அழகுமுத்துவின் பெயரும் கூப்பிடப்படவில்லை. பேர் வெட்டியாகிவிட்டது. ஒழுங்காக வேலைக்கு வராதவர்கள் என்று காரணம். மத்தியானத்துக்குள் கங்காணியின் ஆட்கள் சட்டி பானைகளை மழையில் எடுத்து வைத்தார்கள். தூக்க முடியாத அம்மிக்கல்லை மட்டும் ராக்காயி வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

அதோடு போயிருந்தால் அழகுமுத்து ஒருவேளை மறந்திருப்பான். தோட்டத்தில் பேர் வெட்டு வாங்காத குடும்பம் எது? ஆனால் நாலு வருடம் கழித்துப் பிரஜாவுரிமை விசாரணை வந்தது. இந்த நாட்டிலேயே தொடர்ந்து இருந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். தோட்டத்துப் பழைய பேரேடுகள் கூரை ஒழுகி நனைந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அதனால் பெரியகங்காணியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக வந்தார். ராக்காயியை நேருக்கு நேர் பார்த்தார்.

"இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்லீங்க. இப்படி ஒரு குடும்பம் எங்க தோட்டத்துல இருந்ததே இல்ல."

ராக்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வெளியே வந்து ரோட்டோரத்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

இருவருடைய விண்ணப்பமும் தள்ளுபடியானது. அவளைக் கட்டிய பொன்னையாவின் ஆட்கள் இந்தியாவுக்குப் போக முடிவு செய்தார்கள். ஐம்பத்து நாலில் ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னாருக்குப் போகிற கூட்டத்தோடு அவளும் ஏறினாள். அழகுமுத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழவில்லை.

"ஒடம்பப் பாத்துக்க" என்றாள். "அவன விட்ராத."

அழகுமுத்து அப்போதே நூர் ஸ்டூடியோவில் சேர்ந்திருந்தான். முதலாளி ஹுசைனுக்கு அவனைவிட ஓரிரண்டு வயதுதான் கூட. தகப்பன் விட்டுப்போன கடை. பாஸ்போட்டுக்கும் விண்ணப்பங்களுக்கும் படமெடுக்க மலைகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்த காலம் அது. தனக்குக் கிடைக்காத காகிதத்துக்காக அழகுமுத்து ஆயிரக்கணக்கான முகங்களைப் படமெடுத்தான். தொழில் அவன் கையில் படிந்துவிட்டது.

ஐம்பத்தெட்டில் ஒரு பங்களாச் சுவருக்காக நீளமான மலைக்காட்சி ஒன்று கேட்டார்கள். ஒரே படத்தில் அவ்வளவு அகலம் அடங்காது. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மூன்று நாலு படம் எடுத்து, ஓரங்களை வெட்டிச் சேர்த்து ஒட்ட வேண்டும். அழகுமுத்து ஒரு மேட்டில் நின்று எடுத்தான். கேமராவைத் தாங்க ஸ்டூடியோவில் இருந்தது குழாய்க்குள் குழாய் போகிற மெல்லிய மூன்றுகால் இரும்பு ஸ்டேண்டு. முதல் படம் எடுத்ததும் அதன் ஒரு கால் சேற்றில் இறங்கிவிட்டது. பிடுங்கி, இரண்டடி வலப்பக்கம் தள்ளி ஊன்றி, மற்றப் படங்களை எடுத்தான்.

ஒட்டியபோது மலைக்கோடுகள் அருமையாகச் சேர்ந்தன. ஹுசைன் படத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, "அழகுமுத்து, இஞ்ச வாங்க. ரோட்டோரத்துல அறிவிப்புப் பலகை ஒண்டு நிண்டதே, எங்க அது?" என்றார்.

பலகையைக் காணவில்லை. அது நின்ற இடமே இல்லை. அதற்கு இந்தப் பக்கத்துச் செடியும் அந்தப் பக்கத்துச் செடியும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன.

ஹுசைன் சிரித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அழகுமுத்து அன்று முழுவதும் அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ரயிலில் போகும்போது தந்திக்கம்பங்கள் ஓடும், தூரத்து மலை ஓடாது. அதே விஷயம்தான். கேமரா பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தால் தூரத்து மலை இருந்த இடத்திலேயே இருக்கும். கிட்டத்தில் உள்ளது மட்டும் நகரும். இடப்பக்கத்துச் செடி எந்தச் சிகரத்தை மறைத்ததோ, நகர்ந்த பிறகு வலப்பக்கத்துச் செடி அதே சிகரத்தை மறைக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒட்டினால் மலை பிசகாது. இடையில் நின்றது மட்டும் போய்விடும்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் பின்னால் மதில்மேல் மூன்று போத்தல்களை வைத்துப் படமெடுத்துப் பார்த்தான். நடுப் போத்தலை ஒழிக்க முயன்றான். வரவில்லை. மெல்லிய ஸ்டேண்டைத் தூக்கித் தூக்கி வைத்ததில் ஒரு படம் உயரமாகவும் ஒரு படம் சாய்வாகவும் விழுந்தது. மலைக்கோடு படிக்கட்டு மாதிரி உடைந்தது. யார் பார்த்தாலும் ஒட்டு என்று சொல்லிவிடுவார்கள். அவனுக்கு வேண்டியது யாரும் சொல்ல முடியாத ஒட்டு. ஒரு ஆள் அகலம். ஒரு குறிப்பிட்ட ஆளின் அகலம்.

ஸ்டேண்டைத் தூக்காமல் கேமராவை மட்டும் நகர்த்தினால் உயரமும் மட்டமும் மாறாது என்று கண்டுகொண்டான். ஸ்டேண்டின் தலையில் ஒரு நீளப் பலகையைப் பூட்டி, அதன்மேல் கேமராவை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நழுவவிட வேண்டும். ஆனால் அவர்களுடையது கண்ணாடித் தகடு போடுகிற பழைய மரக் கேமரா. கனம் அதிகம். பலகையின் முனைக்குக் கொண்டுபோனதும் மெல்லிய ஸ்டேண்டு குடை சாய்வது போலச் சாய்ந்தது. ஆகவே ஸ்டேண்டை மாற்ற வேண்டும். அவசரமில்லை. ஒன்றரை வருடம் தேடினான்.

அறுபதாம் வருடம் ஜனவரியில் கல்லுமலை ஆபிசிலிருந்து ஆள் வந்தது. துரை மார்ச் மாதத்தோடு சீமைக்குப் போகிறார். போகுமுன் தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தி ஒரு நீளப்படம் வேண்டும். ஆபிஸ் சுவருக்கு ஒன்று, துரைக்கு ஒன்று.

"நம்ம ஸ்டேண்டு இதுக்கு ஆகாது ஹுசைன் நானா. நான் வேற பாக்கிறேன்" என்றான் அழகுமுத்து. ஹுசைன் அவனுடைய முகத்தைப் பார்த்தார். அந்தத் தோட்டத்துப் பெயரைக் கேட்டால் அவன் வழக்கமாக எழுந்து போய்விடுவான் என்று அவருக்குத் தெரியும்.

நானுஓயா ஸ்டேஷனுக்கு எதிரில் மஃறூப் என்பவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். நாட்டைவிட்டுப் போகிற வெள்ளைக்காரர்களின் கட்டிலும் அலமாரியும் அங்கேதான் வந்து சேரும். அழகுமுத்து சைக்கிளை ரயிலில் போட்டுக்கொண்டு அங்கே போனான்.

"மூணு ஸ்டேண்டு ஈக்கு தம்பி. பாத்து எடுங்க" என்று மஃறூப் வெளியே எடுத்து வைத்தார்.

முதலாவது ஜெர்மன் சாமான். அலுமினியம், பளபளப்பு, மடித்தால் கைக்குள் அடங்கும். மஃறூப் அதைத்தான் விற்க விரும்பினார். அழகுமுத்து கால்களை முழுக்க நீட்டி, தலையில் ஒரு செங்கல்லை வைத்து, விரலால் சுண்டினான். செங்கல் ஆடி நிற்க நேரம் பிடித்தது. ஒதுக்கிவிட்டான். இரண்டாவது ஸ்டூடியோவுக்குள் உருட்டுகிற தேக்கு ஸ்டேண்டு. ராஜா மாதிரி இருந்தது. அசைக்க முடியாது. ஆனால் அடியில் சக்கரம். புல்தரையில் அது மட்டமாக நிற்காது, சரிவில் ஒரு காலை நீட்டி ஒரு காலைக் குறுக்கவும் வழியில்லை.

மூன்றாவது மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. பொல்பிட்டியப் பக்கம் நில அளவைக்கு வந்த யாரோ விட்டுப்போனது. தடித்த மரக்கால்கள் மூன்று. நுனியில் இரும்புக் கூர். கூருக்கு மேலே மிதித்து மண்ணில் இறக்குவதற்கு ஒரு இரும்புப் படி. தலை அகலமான பித்தளை வட்டம். பார்க்க அவலட்சணம்.

அழகுமுத்து அதைத் தூக்கிக் கடைக்கு வெளியே ஈரமண்ணில் ஊன்றி, மூன்று காலையும் மிதித்து இறக்கினான். கையோடு கொண்டுவந்த பலகையைத் தலையில் கட்டி, அதன் ஒரு முனையில் செங்கல்லை வைத்தான். மறுமுனையில் ஒரு தேநீர்க் கோப்பையில் தண்ணீர் நிரப்பி வைத்தான். பிறகு குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தான். செங்கல்லை மெல்ல நடுவுக்குத் தள்ளினான். தண்ணீர் விளிம்பில் கோடு மாறவில்லை.

"பொண்ணு பாக்க வந்த மாதிரியெல்லோ பாக்கிறீங்க" என்றார் மஃறூப். "அது கழுதைப் பாரம் தம்பி. தோள் ஒடஞ்சு போகும். அந்த அலுமினிய வெள்ளைய எடுங்க, லேசு."

"லேசு வேணாங்க. ஆடக் கூடாது."

"என்னத்தப் புடிக்கப் போறீங்க, மலையையா?"

"ஒரு ஆளங்க" என்றான் அழகுமுத்து. "மறுக்கா நிக்க வச்சு எடுக்க முடியாது. ஒரே தடவதான்."

அவனிடம் இருந்த ஒரே சொத்து சைக்கிள். அதை அங்கேயே விட்டுவிட்டு ஸ்டேண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறினான்.

ஹட்டனில் பாஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிற சிங்களத் தச்சர் ஒருவரிடம் சொல்லி மூன்றடி நீளத் தேக்குப் பலகை செய்து வாங்கினான். நடுவில் நேரான வெட்டு, அதில் கேமரா இரண்டடி தூரம் நழுவும். இரு முனையிலும் பித்தளைத் திருகு. பலகையின் விளிம்பில் கொத்தர்கள் வைக்கிற ரசமட்டம் ஒன்றைப் பதித்துக் கொடுத்தார். மதில்மேல் மறுபடியும் போத்தல்களை வைத்தான். மூன்றாவது முயற்சியில் நடுப்போத்தல் போனது. மலை பிசகவில்லை.

படமெடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் இடம் பார்க்கக் கல்லுமலைக்குப் போனான். தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசலில் எடுக்கலாம் என்றார் பெரிய கிளாக்கர். வேண்டாம் என்றான். பின்னால் கட்டிடம் கிட்டத்தில் இருந்தால் ஒட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். மேட்டுத் திடலைத் தேர்ந்தெடுத்தான். அங்கே பின்னால் ஒன்றுமில்லை. ஒரே பள்ளம், அதற்கப்பால் எட்டாத தூரத்தில் மலைகள்.

பழனியாண்டி அங்கேயே வந்தார். நரைத்திருந்தார், ஆனால் குரல் அப்படியே இருந்தது. அழகுமுத்து அவருடைய தோளுக்குப் பின்னால் மலையைப் பார்த்தான்.

"நீதான் படம் புடிக்கிற ஆளா? நான் எங்கன நிக்கிறது?"

"கங்காணியார் எடுப்பாத் தெரியணும்ங்க. தொரைக்கு வலப்பக்கம், கிளாக்கர்மாருக்கு அடுத்து. ஒங்களுக்குப் பின்னால யாரையும் நிறுத்த மாட்டேன். தலப்பா முழுசா விழணும்."

பழனியாண்டிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "வெவரமான ஆளு" என்று கிளாக்கரிடம் சொன்னார். எந்த ஊர், யார் மகன் என்று கேட்கவில்லை.

அன்றைக்கு நல்ல வெயில். அழகுமுத்து கயிறு பிடித்துப் புல்லில் வளைவாகச் சுண்ணாம்புக் கோடு போட்டான். எல்லோரும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். நடுவில் துரை, பக்கத்தில் கிளாக்கர்மார், பின்வரிசைகளில் ஆட்கள். பழனியாண்டிக்கு இரண்டடி இடம், அவர் மட்டும். அவருக்கு இடப்பக்கம், கிளாக்கர்மாரை ஒட்டி, அவருடைய சொந்த ஆள், சின்னக்கங்காணி மூக்கன். வலப்பக்கத்துக்கு யாரை நிறுத்துவது என்று அழகுமுத்து ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். பெண்கள் கூட்டத்துக்குள் போய் அழகம்மா என்ற கிழவியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். செத்துப்போன காளியாயியின் தாய்.

அழகம்மா அவனை உற்றுப் பார்த்தாள். "நீ ராக்காயி தம்பிதானே?" என்றாள் மெதுவாக.

"இங்கனயே நில்லுங்க ஆத்தா. அசையாதீங்க."

ஸ்டேண்டை மிதித்து இறக்கி, ரசமட்டம் பார்த்து, கேமராவைப் பலகையின் இட முனையில் வைத்து இரண்டு தகடு எடுத்தான். பிறகு திருகைத் தளர்த்தி வல முனைக்குத் தள்ளினான்.

"என்னப்பா அங்கிட்டும் இங்கிட்டும் தள்ற?" என்று பழனியாண்டி கத்தினார்.

"பெரிய படம்ங்க. தள்ளாம விழுகாது. கொஞ்சம் மூச்சப் புடிச்சுக்கங்க."

பழனியாண்டி வெள்ளிப்பூண் தடியை முன்னால் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்தார். அழகுமுத்து மற்ற இரண்டு தகடுகளை எடுத்தான். கறுப்புத் துணிக்குள் தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்தபோது, அக்கா சிரித்த சிரிப்பு காதில் கேட்டது என்று பின்னாளில் என்னிடம் சொன்னான்.

அச்சிட்டு ஒட்டுகிற வேலையை ஹுசைன் அவனிடமே விட்டிருந்தார். சவர பிளேடால் மூக்கனின் தோள் விளிம்போடு ஒரு வெட்டு. அழகம்மாவின் சேலை விளிம்போடு ஒரு வெட்டு. இடையில் இருந்த துண்டைக் குப்பையில் போடவில்லை, அடுப்பில் போட்டான். இரண்டு ஓரமும் சேர்ந்தபோது பின்னால் மலை ஒரு மயிரிழைகூட விலகவில்லை. தூரிகையால் தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

துரையின் பிரியாவிடை நாளில் நாலடி நீளப் படம் ஆபிஸ் வராந்தாவில் தொங்கியது. ஆட்கள் முண்டியடித்துத் தங்களைத் தேடினார்கள். "இதோ நான்", "இந்தா எம் மகன்" என்று ஒரே கூச்சல். பழனியாண்டி வந்ததும் வழிவிட்டார்கள். அவர் நேராகக் கிளாக்கர்மாருக்குப் பக்கத்தில் பார்த்தார். மூக்கன் இருந்தான். மூக்கனுடைய தோளோடு தோளாக அழகம்மா இருந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கடைசி வரிசை வரை தேடினார்.

"நான் எங்க?" என்றார்.

சத்தம் அடங்கியது. அந்த அமைதியில் அழகம்மா பேசினாள்.

"நீங்க அன்னிக்கி வரலையே கங்காணியாரே."

"என்னது? ஒம் பக்கத்துலதானே நின்னேன்!"

"எம் பக்கத்துல மூக்கன்ல நின்னாரு. படத்தப் பாருங்க."

பழனியாண்டி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "டேய், நான் நின்னேனா இல்லையா? சொல்லுங்கடா!"

இதை அழகுமுத்து திட்டமிடவில்லை. அவன் ஒட்டியது ஒரு படத்தைத்தான். மிச்சத்தைத் தோட்டம் செய்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "நாங்க பாக்கலீங்களே" என்றாள். இன்னொருத்தி, "ஒங்களுக்கு அன்னிக்கிக் காச்சல்னு சொன்னாங்க" என்றாள். பின்னாலிருந்து ஒரு ஆம்பளைக் குரல், "வந்திருந்தா விழுந்திருக்குமே" என்றது. மூக்கன் வாயைத் திறந்தான், சுற்றிலும் பார்த்தான், மூடிக்கொண்டான். துரை படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "கங்காணி, நீ ஓடிப்போச்சா?" என்று சிரித்தார். துரை சிரித்ததும் நானூறு பேரும் சிரித்தார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களும் அதில் இருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் பழனியாண்டி ஸ்டூடியோவுக்கு வந்தார். தலைப்பாகை இல்லை. ஹுசைன் முன்கடையில் இருந்தார். உள்ளே அழகுமுத்து.

"தம்பி, நீயே சொல்லு. நீதானே சுண்ணாம்புக் கோட்டுல என்னை நிறுத்துன?"

"ஆமாங்க."

"அங்க ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கிறான். எம் பொண்டாட்டியே, நீங்க போனீங்களான்னு கேக்குறா."

அழகுமுத்து இரண்டு கண்ணாடி நெகட்டிவ்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஒன்றின் வலது ஓரத்தில், மற்றதன் இடது ஓரத்தில், வெளுத்த கோட்டும் கறுத்த முகமுமாகப் பழனியாண்டி நின்றார். கிழவரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நிக்கிறேன்! நிக்கிறேன் பாத்தியா! இத வச்சு வேற படம் போட்டுக் குடு தம்பி."

"ராக்காயிய ஞாபகம் இருக்குங்களா?" என்றான் அழகுமுத்து.

இந்தக் கேள்விக்குப் பழனியாண்டியின் முகம் எப்படி மாறும் என்று அவன் பதினோரு வருடம் நினைத்துப் பார்த்திருக்கிறான். பயப்படுவார், கோபப்படுவார், காலில் விழுவார் என்று எத்தனையோ விதமாக.

"எந்த ராக்காயி?" என்றார் பழனியாண்டி.

"நாப்பத்தொம்பதுல பெரட்டுல ஒங்க மேல சொன்னவ. பேர் வெட்டுனீங்க. அப்புறம் விசாரணையில பாத்ததே இல்லைன்னீங்க."

அவர் உண்மையாகவே யோசித்தார். "எத்தினியோ ராக்காயி வந்தா, போனா தம்பி. எனக்கு எங்க ஞாபகம்? அத விடு, படத்தப் போடு."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அழகுமுத்துவுக்குத் தெரிந்தது. அதுதான் அவனைப் பொறுக்கவிடாமல் செய்தது. மேசைமேல் நெகட்டிவ் திருத்துகிற கத்தி இருந்தது. எடுத்தான். முதல் தகட்டில் தலைப்பாகையிலிருந்து தொடங்கிக் கோட்டுப் பொத்தான் வரை சுரண்டினான். கண்ணாடிமேல் பூசியிருந்த மருந்து தூளாகக் கொட்டியது. பழனியாண்டி "ஐயோ" என்று கையைப் பிடித்தார். அழகுமுத்து தட்டிவிட்டு இரண்டாவது தகட்டையும் சுரண்டினான். சத்தம் கேட்டு ஹுசைன் உள்ளே வந்தபோது இரண்டிலும் ஆள் வடிவத்தில் வெறும் கண்ணாடிதான் மிச்சம்.

"இப்பச் சொல்லுங்க கங்காணியாரே" என்றான். "நீங்க நின்னதுக்கு என்ன சாட்சி?"

பழனியாண்டி கதவைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஹுசைன் சத்தம் போடவில்லை. "ஒங்கட கத எனக்குத் தெரியும் அழகுமுத்து. நீங்க ஒட்டுனதுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன். ஆனா தகட்டுல கத்தி வச்சிட்டீங்க. வாப்பாட காலத்துல இருந்து இந்தக் கடையில ஒரு தகட்டையும் யாரும் அழிச்சதில்ல. இனி ஒங்கள உள்ளுக்கு விட எனக்குப் பயம்."

அழகுமுத்து அன்றே ஸ்டேண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

பழனியாண்டிக்கு அதற்குப் பிறகு தோட்டத்தில் மதிப்பு நிலைக்கவில்லை. பெரியகங்காணிகளின் காலம் எப்படியும் முடிந்துகொண்டிருந்தது. ஆனால் அவரை முடித்தது அந்தப் படம்தான். அவர் அதட்டினால் கூட்டத்தில் யாராவது, "யாரோ பேசுற மாதிரி இருக்கே, ஆளக் காணோமே" என்பார்கள். புதிதாக வந்த துரை சுவரில் படத்தைப் பார்த்துவிட்டு, பெரியகங்காணி எங்கே என்று கிளாக்கரிடம் கேட்டாராம். இரண்டு வருடத்தில் அவர் வேலையை விட்டுவிட்டுப் பட்டிப்பொலவில் மகள் பூரணி வீட்டுக்குப் போனார். அறுபத்து மூன்றில் அங்கேயே செத்தார். செய்தி சொன்ன ஆளுக்கு அழகுமுத்து தேநீர் வாங்கிக் கொடுத்து, என்ன நோய், எத்தனை நாள் கிடந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

படத்தின் பிரதி ஒன்றை அவன் அக்காவுக்கு அனுப்பியிருந்தான். நடந்ததை நாலு பக்கம் எழுதியிருந்தான். பதில் வர மூன்று மாதம் ஆனது. யாரையோ கொண்டு எழுத வைத்திருந்தாள்.

"அவன் இல்லைன்னு எழுதியிருந்த. வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன், இல்லைதான். அழகம்மா மூஞ்சியப் பாத்தேன், சந்தோசமா இருந்துச்சு. அப்புறம் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். நானும் இல்லையேடா."

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அழகுமுத்து அக்காமேலேயே கோபப்பட்டான். ஆறு மாதம் எழுதவில்லை. பிறகு எழுதினான், ஆனால் அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நான் அவனை அறிந்தது அறுபத்தைந்தில். இந்தியாவுக்குப் போகிறவர்கள் யார், இருக்கிறவர்கள் யார் என்று மலைநாடு முழுவதும் மறுபடி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த நேரம். நான் படிவங்கள் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் தோட்டம் தோட்டமாக அந்தக் கழுதைப் பாரத்தைச் சுமந்துகொண்டு போய் ஆட்களை லயத்துச் சுவரோரம் ஒவ்வொருவராக நிறுத்திப் படமெடுத்தான். ஒரு முகத்துக்கு அவ்வளவு கனமான ஸ்டேண்டு எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டான். கூட்டமாக நிறுத்தி நீளப்படம் எடுக்க யார் கேட்டாலும் முடியாது என்பான்.

ஒரு மத்தியானம், மழைக்கு ஒதுங்கி நின்றபோது முழுக் கதையையும் சொன்னான். அந்தத் தகடுகளைச் சுரண்டியதற்கு வருத்தமில்லையா என்று கேட்டேன். என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

"இருக்குங்க" என்றான். "அவசரப்பட்டுட்டேன். ஒரு தகட்டையாச்சும் வச்சிருந்திருக்கணும். இப்பவும் சில நாள் கை பரபரன்னு வருது. சொரண்ட ஒண்ணுமில்ல."

மழை விட்டதும் ஸ்டேண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போனான்.